எட்டு அங்குல கிராவல்

புதிதாக விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டியிருக்கிற உங்களுக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். அனுபவம் என்றால் எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் நான் செய்த தப்புகள்தான். சரியாகச் செய்தவை எல்லாம் மறந்துபோய்விட்டன, அவை அதிகம் இல்லாததால்கூட இருக்கலாம். அதனால் ஒரே ஒரு தப்பை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் நடந்தது இது.

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. உயரம் கம்மி, குரல் ஜாஸ்தி. புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நான் கிரவுண்டில் இறங்கினால் எதிர் வீட்டுக் கோழிகூட வரிசையில் நிற்கும் என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள். எங்களிடம் இரண்டு கம்பம், இரண்டு மரப் பலகை, இரண்டு இரும்பு வளையம், மூன்று பந்து இருந்தன. மூன்றில் ஒன்று காற்று நிற்காது. அதைக் கணக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தோம்.

பந்தை வளையத்தில் போடுவதற்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். முழங்கையை வளையத்துக்கு நேராக வை, மணிக்கட்டை மடக்கி விடு, விட்டபிறகு கை கொக்குக் கழுத்து மாதிரி நிற்கட்டும், அப்புறம் என்ன ஆனாலும் கையை மாற்றாதே. பந்து உள்ளே விழுந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, அடுத்த தடவையும் அதே கை. வளையத்தைத் துரத்திக்கொண்டு தினம் ஒரு கை போட்டால் கடைசியில் கையும் இருக்காது, வளையமும் இருக்காது. மூன்று வருஷம் இதையே சொன்னேன். பெண்கள் எல்லாரும் ‘சரிங்க டீச்சர்’ என்பார்கள். சொல்லிவிட்டு அவரவர் இஷ்டத்துக்குப் போடுவார்கள். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவள் ஒருத்திதான். பச்சையம்மாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை. பள்ளியிலேயே உயரமான பெண் அவள்தான். வலை கிழிந்தால் ஸ்டூல் மேல் ஏறிக் கட்டுகிற வேலையும் அவளுடையதுதான். தோளில் நல்ல பலம். மற்றவர்கள் போடும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் தட்டித் திரும்பி வரும். இவளுடையது பலகையைக்கூடத் தொடாமல் உள்ளே இறங்கும். அப்போது பதினோராம் வகுப்புதான் பள்ளியில் கடைசி. அவள் அந்தக் கடைசி வகுப்பில் இருந்தாள். உடற்கல்விப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து என்னைப் போல் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும், விடுதியும் இலவசம். சான்றிதழ் இல்லையென்றால் படிப்பு அதோடு சரி. அவள் அப்பா கெட்டவர் இல்லை. விடுதிக்குக் கட்ட வழி இல்லாதவர், அவ்வளவுதான்.

மாவட்ட அணியில் சேர வேலூரில் நடக்கும் போட்டியில் ஆடித் தேர்வாளர்கள் கண்ணில் பட வேண்டும். அன்றைக்கு நாம் வட ஆற்காடு மாவட்டம். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வேலூர்தான். போட்டி பொங்கலுக்கு முன்னால். அதற்கு முன்னால் கார்த்திகை தீபம் வந்தது.

தீபம் வந்தால் நம்மூரில் எந்த இடமும் அதன் பெயரில் இருக்காது. சத்திரம் ஆஸ்பத்திரி ஆகும், பள்ளிக்கூடம் சத்திரம் ஆகும். எங்கள் கிரவுண்டு தற்காலிக பஸ் ஸ்டாண்டு ஆகும். முந்தின வருஷம் தீபத்தன்று மழை பெய்து ஏழெட்டு பஸ்கள் எங்கள் கிரவுண்டிலேயே புதைந்துவிட்டன. பக்தர்கள் இறங்கித் தள்ளினார்கள். கிரிவலம் போய் வந்த கால்களோடு பஸ்ஸையும் தள்ளினால் வாயில் என்ன வருமோ அது வந்தது. அதனால் இந்த வருஷம் தீப வேலை எடுத்த கான்ட்ராக்டர் முன்கூட்டியே லாரி லாரியாகச் செம்மண் கிராவல் கொண்டுவந்து கிரவுண்டு முழுக்கக் கொட்டி, ரோடு ரோலரை விட்டு அழுத்தினார். அருமையான வேலை. ஒரு பஸ்கூடப் புதையவில்லை.

பள்ளி திறந்து வந்து பார்த்தால் கிரவுண்டு சிமெண்டுத் தரை போல இருந்தது. வராண்டாவுக்கு ஏற மூன்று படிகள் இருந்தன, இப்போது இரண்டுதான் தெரிந்தன. ஏறுவதற்குச் சௌகரியமாக இருக்கிறது என்று நானே என் வாயால் சொன்னேன். பழைய கோடெல்லாம் கிராவலுக்கு அடியில் போய்விட்டதால் ஆண்கள் பள்ளியிலிருந்து நீள டேப் வாங்கி வந்து, நீளம், அகலம், மூலைக்கு மூலை எல்லாம் ஒரு அங்குலம் பிசகாமல் அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டேன். இரண்டு பீரியடு ஆனது. டேப்பைக் கீழே மட்டும் பிடித்தேன். மேலே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பயிற்சியில் ஓர் அதிசயம் நடந்தது. முன்விளிம்பில் தட்டித் தட்டி மூன்று வருஷமாக என் உயிரை வாங்கிய பெண்கள் எல்லாம் பந்தை உள்ளே போட ஆரம்பித்தார்கள். முதல் நாள் நான்கு பேர். வாரக் கடைசியில் ஒன்பது பேர். எட்டாம் வகுப்பு வனஜா, பந்தைத் தூக்குவதற்கே யோசிக்கிற பெண், அவளும் போட்டாள். நான் என்ன நினைத்தேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மூன்று வருஷமாகச் சொன்ன கொக்குக் கழுத்து இப்போதுதான் மண்டையில் ஏறியிருக்கிறது என்று நினைத்தேன். தலைகால் புரியவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். அவர் அசெம்பிளியில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஆண்கள் பள்ளி டிரில் மாஸ்டர் டேப்பைத் திரும்ப வாங்க வந்தவர், பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, எப்படி என்று கேட்டார். மணிக்கட்டு என்றேன். அவர் போய்த் தன் பையன்களிடம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உயிரை எடுத்ததாகக் கேள்வி.

பச்சையம்மாளுக்கு மட்டும் எதுவும் விழவில்லை. அவள் போடுகிற ஒவ்வொரு பந்தும் வளையத்தின் பின்விளிம்பில் டங்கென்று அடித்து வெளியே குதித்தது. பத்துக்கு ஒன்று விழுந்தால் ஜாஸ்தி. எல்லாருக்கும் விழுகிறது, இவளுக்கு மட்டும் விழவில்லை. அப்படியென்றால் தப்பு யாரிடம்? எனக்குச் சந்தேகமே வரவில்லை. பலத்தைக் காட்டுகிறாள், மண்டைக்கனம் என்று முடிவுகட்டினேன். கொஞ்சம் மெதுவாகப் போடு என்றேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

“கைய மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க.”

இதை அவள் எதிர்த்துச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். ஆனால் ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். டீச்சருக்கு டீச்சரின் வார்த்தையையே திருப்பிக் கொடுத்தால் நம் மூளை எங்கே வேலை செய்கிறது? எனக்கே பாடம் நடத்துகிறாயா, பந்து உள்ளே விழுகிற கையோடு வா, இல்லையென்றால் வராதே என்று கத்தினேன். திங்கட்கிழமை பத்துப் பேர் பட்டியல் டைப் அடிக்கப்பட்டு வேலூருக்கு ரிஜிஸ்டர் தபாலில் போனது. பத்தாவது பெயர் வனஜா. பச்சையம்மாள் பெயர் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பத்துப் பந்து போட்டாள். எட்டு உள்ளே விழுந்தது. தினமும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து, வாட்ச்மேனிடம் பந்து வாங்கி, ஆளில்லாத கிரவுண்டில் போட்டுப் போட்டுக் கையை மாற்றியிருக்கிறாள். நான் சொன்னபடி மெதுவாக, தாழ்வாக, மற்றவர்களைப் போலவே. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ‘பார்த்தியா, முன்னாடியே கேட்டிருந்தா?’ என்று சொல்லிவிட்டு, பட்டியல் போய்விட்டதே, இனி என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தேன். அவள் பந்தைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கே வரவில்லை. அறுவடை நேரம், வீட்டில் வேலை இருக்கும் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. சனிக்கிழமை போட்டி. வலை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. கட்டுகிறவள் இல்லை. வெள்ளையடிக்க வைத்திருந்த உயர ஸ்டூலை நானே இழுத்துப்போட்டு ஏறினேன். எனக்கு எட்டாது என்று தெரியும், கொம்பு ஒன்றை வைத்து மாட்டலாம் என்று எண்ணம். கையைத் தூக்கினேன். வளையம் கையில் அகப்பட்டது. இறுக்கிப் பிடிக்கவே முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஸ்டூல் மேல் நின்று எனக்கு அது எட்டியதே இல்லை. முப்பத்திரண்டு வயதில் உயரமாகிவிட்டேனோ என்று ஒரு நொடி நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்புறம் ஸ்டூலின் மேலிருந்தபடியே வராண்டாப் படிகளைப் பார்த்தேன். இரண்டு படி.

சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவரோரம் ஓர் ஆடு மட்டும் நின்றது. இறங்கிப்போய்த் தையல் டீச்சரைக் கூட்டிவந்தேன். பள்ளியில் என்னிடம் மனசுவிட்டுப் பேசுகிற ஒரே ஆள். அவருடைய இஞ்ச் டேப் ஐந்து அடிதான் இருக்கும். இரண்டு தடவை பிடித்து அளந்தோம். ஒன்பது அடி நான்கு அங்குலம். எட்டு அங்குலம் கம்மி. இன்னொரு கம்பமும் அதே கணக்கு. அந்தக் கான்ட்ராக்டர் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறார் பாருங்கள், கிரவுண்டு முழுக்க ஒரே சீராக எட்டு அங்குலம்.

கொஞ்சம் யோசித்தால் எல்லாம் விளங்கிவிடும். வளையம் தாழ்ந்தால் குறைவாகப் போடுகிறவளுக்கு விழும். சரியாகப் போடுகிறவளுக்குப் பின்னால் இடிக்கும். அத்தனை பேரில் பத்து அடி வளையத்துக்குச் சரியாகப் போட்டவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் துரத்தினேன். துரத்தியதோடு விடவில்லை, இருந்த சரியான கையையும் அவளைக்கொண்டே மாற்ற வைத்திருந்தேன்.

தையல் டீச்சர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “இப்ப இன்னா பண்ணப்போற ராஜி?” என்று கேட்டார்.

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். எனக்கு முன்னால் அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருப்பது. வேலூரில் தோற்றால் ‘வெளியூர் கிரவுண்டு, பிள்ளைங்க பயந்துட்டாங்க’ என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அளந்தது எங்கள் இரண்டு பேருக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் தெரியும். இன்னொன்று, போய்ச் சொல்வது. நான் உடனே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுத ஆசைதான். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று முழுதாக யோசித்துப் பார்த்தேன். பிறகு பதினொன்றாம் வகுப்பு அட்டெண்டன்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பச்சையம்மாள் பெயருக்கு நேராக வரிசையாக ஆப்சென்ட். அதற்குமேல் உட்கார முடியவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ அசெம்பிளியில நான் பாராட்டுனது?” என்றார். அந்தப் பாராட்டு கான்ட்ராக்டருக்குப் போய்ச் சேர வேண்டியதும்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெயர் மாற்ற வேண்டுமென்றால் போட்டிக்கு முன்பு பள்ளித் தலைமை கையெழுத்திட்டுக் காரணத்தோடு கடிதம் தர வேண்டும், என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார். வனஜாவைக் கூப்பிட்டு, உன் இடத்தைப் பச்சையம்மாளுக்குக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அப்பாடா” என்றாள். பஸ்ஸில் ஏறினாலே அவளுக்கு வாந்தி வருமாம், வேலூர் வரை எப்படிப் போவது என்று ஒரு வாரமாகத் தூங்கவில்லையாம். காரணம் ‘உடல்நிலை’ என்று எழுதினோம். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு எல்லாம் கொஞ்சம் சுலபமாகவே நடந்துகொண்டிருந்தது.

அன்றே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே களத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அவள் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துத் தட்டிவிட்டு, என்னை உட்கார ஒரு சாக்கை விரித்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வளையம் தாழ்ந்திருந்தது, நான் அளக்கவில்லை, உங்கள் பெண் சரியாகத்தான் போட்டாள், தப்பு என்னுடையது. இதை ஒரு பெரியவரிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “இத அவகிட்ட சொல்லுங்க டீச்சரம்மா,” என்றார். “இன்னா தப்பு பண்ணேன்னே தெரியலயேன்னு தெனம் அழுவுறா. நான் சொன்னா கேக்க மாட்டறா. நீங்க சொன்னீங்கன்னா சரியாப்பூடும்.”

சொல்கிறேன் என்றேன்.

அவள் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவிட்டு வணக்கம் சொன்னாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் குடத்தைப் பார்த்தேன். “உன் பேரு லிஸ்ட்ல சேர்ந்திடுச்சி. கிராவல் போட்டதுல ரிங் எறங்கிப் போச்சாம். நாளைக்கு ஃபர்ஸ்ட் பஸ்ல வந்துடு” என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருந்தது. கம்பத்தை உயர்த்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வளையத்தை மேலே ஏற்ற முடியவில்லை என்றால் பிள்ளைகளைக் கீழே இறக்க வேண்டியதுதான். போடுகிற இடங்களில் எட்டு அங்குலத்துக்குப் பள்ளம் வெட்டி, அதில் நின்று போட வைக்கலாம் என்று முடிவு செய்தேன். ரோலர் அழுத்திய கிராவலில் மண்வெட்டி இறங்கவில்லை, தீப்பொறிதான் பறந்தது. பச்சையம்மாளோடு அவள் அப்பாவும் வந்திருந்தார், தோளில் கடப்பாறையோடு. பெண் ராத்திரி சொல்லியிருக்கிறாள், கிராவல் என்றதும் தோண்ட வேண்டியிருக்கும் என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி என்றேன். தென்னைக்கும் பத்தாது, வாழைக்கும் பத்தாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஐந்து பள்ளம் போட்டுக் கொடுத்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வராண்டாவில் வந்து நின்று, இன்றைக்கு மரம் நடுவிழாவா என்று கேட்டார்.

பத்துப் பெண்கள் முறை வைத்துப் பள்ளத்தில் இறங்கிப் போட்டார்கள். முதல் சுற்றில் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. எல்லாம் முன்விளிம்பு. மூன்று வாரமாக ராணிகளாகத் திரிந்த பெண்களின் முகத்தில் ஈயாடவில்லை. பச்சையம்மாளின் பந்தும் முன்விளிம்புதான். மூன்று வருஷக் கை ஒரு பக்கம் இழுத்தது, ஒரு வாரக் கை இன்னொரு பக்கம் இழுத்தது. ஒன்று விழும், அடுத்த மூன்று விழாது. ஒவ்வொரு தடவை தவறும்போதும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொன்னேன். முழங்கை. தோள். இன்னும் கொஞ்சம் மேலே. மெதுவாக. மெதுவாக இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று வருஷத்துக்கான அறிவுரையைச் சொல்லி முடித்திருப்பேன்.

சனிக்கிழமை வேலூர். நல்ல மைதானம், நல்ல வளையம், பத்து அடி. எங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எதிரணி போட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பெண்கள் முன்விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துப் பெஞ்சிலிருந்த டீச்சர், உங்க பிள்ளைங்க எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்றாங்களே, எப்படி என்று கேட்டார். பயிற்சி என்றேன். தேர்வாளர்கள் மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோற்றால் இன்னொரு ஆட்டம் கிடையாது. அதாவது பச்சையம்மாளை அவர்கள் பார்க்கப்போவது இந்த ஒரு தடவைதான்.

பாதி ஆட்டம் முடிந்தும் அவள் ஒன்றும் போட்டிருக்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவளை ஒருத்தி இடித்துத் தள்ள, இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் போய் நின்றாள். யாரும் தடுக்க மாட்டார்கள், எல்லாரும் பார்ப்பார்கள். முதல் பந்து, முன்விளிம்பு. மேஜையில் ஒருவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எந்தக் கை என்று கேட்கிற பார்வை. பழையதா, புதியதா? எனக்குப் பதில் தெரியும். ஒரு சைகை காட்டினால் போதும். கையைத் தூக்கவும் தூக்கிவிட்டேன். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பெண்ணுக்கு இத்தனை நாளாக நான் சொன்னது எதுதான் நல்லதாக முடிந்தது? கையை மாற்றாதே என்றேன், கேட்டாள், திட்டினேன். மாற்று என்றேன், கேட்டாள், கெட்டாள். இப்போதும் கேட்பாள். கையை இறக்கிவிட்டு, பெஞ்சுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தண்ணீர்க் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே நல்ல கோச்சிங் அதுதான்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரும்பில் பட்டிருந்தால் கேட்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இடமிருந்து போட்டாள், வலமிருந்து போட்டாள், கூட்டத்துக்கு நடுவே எம்பிப் போட்டாள். நாங்கள் படுதோல்வி அடைந்தோம், ஆனால் கடைசிப் பதினைந்து நிமிஷம் மேஜையிலிருந்த மூன்று பேரும் வேறு யாரையும் பார்க்கவில்லை. சாயங்காலம் மாவட்ட அணிப் பட்டியல் படித்தார்கள். அவள் பெயர் ஏழாவது. எங்கள் பெண்கள் தோற்றதை மறந்து கத்தினார்கள். நானும் அழுதேன், மறைக்க முயலவில்லை. அவள் எல்லாரிடமும் கை கொடுத்தாள். என்னிடம் வந்து, ரொம்ப நன்றிங்க டீச்சர் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்கு முன்னால் எல்லாம் என்னிடம் பேசும்போது ஒரு சிரிப்பு இருக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டேன், தையல் டீச்சரிடம் சொல்லிவிட்டேன், அவள் அப்பாவிடமே சொல்லிவிட்டேன். பெரியவர்களிடம் எல்லாம் சொன்னபிறகு, பிள்ளையிடம் வேறு எதற்கு? காரியம்தான் முடிந்துவிட்டதே. அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு இடம் கிடைத்தது, விடுதி கிடைத்தது, படித்து முடித்து வேறொரு ஊரில் டீச்சராகப் போனாள். எனக்குக் கடிதம் வரவில்லை. நானும் போடவில்லை.

எண்பதுகளில் ஒருமுறை வேலூருக்கு அணியைக் கூட்டிப் போயிருந்தேன். எங்களுக்கு முந்தின ஆட்டத்தில் ஓர் அணியின் பெஞ்சில் உயரமாக ஒரு டீச்சர், கழுத்தில் விசில். பச்சையம்மாள்தான். அவளுடைய சிறுமி ஒருத்தி தொடர்ந்து தவறவிட்டு, முகம் சிவந்து, அழும் நிலையில் வெளியே வந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். நான் நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். பச்சையம்மாள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, அந்தப் பெண்ணுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ சரியாத்தாம்மா போடற. நேத்து நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். மன்னிச்சிக்க.”

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரிங்க டீச்சர் என்று மறுபடி உள்ளே ஓடினாள். மொத்தம் பத்து வினாடி ஆகியிருக்கும். இதை அவளுக்கு எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். அப்பா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். அவ்வளவு நேரமும் என் நாக்கில் அந்த வார்த்தைதான் இருந்தது. “டீம் நல்லா வந்திருக்கு” என்றேன். அவளுடைய பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

வளையத்தை அளந்துவிடுங்கள். தீபம் முடிந்த மறுநாளே அளந்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. அது சுலபமான பாடம் என்பதால்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. பச்சையம்மாளும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். அவள் இருக்கும் ஊருக்கு நம்மூரிலிருந்து நேர் பஸ் இருக்கிறது, இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இன்னும் போகவில்லை.